முதல் அட்டை

அலுவலகத்தில் எல்லாரும் அவரை மூணாம் நம்பர் என்றுதான் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மூன்றாவது ஜன்னலை விட்டு நகராதவர். முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் பேசுவதற்கென்று ஒரு வட்ட ஓட்டை, எதிரில் ஒரு நாற்காலி. அரசாங்கத்தின் இலவச மருத்துவக் காப்பில் சேர வருகிறவர்கள் அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஓட்டைக்கு நேராக வாயைக் கொண்டுவந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சில கேள்விகள் கேட்பார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா? கர்ப்பமா? வயதானவரா? உடலில் ஊனம் உண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அவர் சொல்ல வேண்டியது ஒன்றுதான். "உங்களுக்கு இதுல இடம் இல்லைங்க."

மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், இரவுக் காவலாளிகள் என்று தினமும் யாராவது வந்து அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருமுறை கொத்தனார் ஒருவர் நிதானமாகக் கேட்டார்.

"அப்ப நான் ஒரு பிள்ளை பெத்துக்கணும், இல்ல கிழவனாகணும், இல்ல கையைக் காலை உடைச்சுக்கணும். இதுல எது சார் சீக்கிரம் ஆகும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூணாம் நம்பரும் சிரித்துவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்படிப்பட்ட மனுஷன்தான் அவர். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதற்கே கொஞ்சம் கூசுகிறவர்.

அதனால்தான் சட்டம் மாறியபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. குறைந்த கூலிக்கு வேலை செய்கிற பெரியவர்கள் எல்லாருக்கும், குடும்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இனிமேல் காப்பு உண்டு என்று அறிவித்திருந்தார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து அமல். அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே மனைவியிடம் சொன்னார்.

அவள் பள்ளிப் பேருந்தில் உதவியாளர். காலையும் மாலையும் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப்போனவள். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப தம்பிக்கும் உண்டா?"

"அவனுக்குத்தான் முதல்ல" என்றார் அவர்.

தம்பி என்றால் அவளுக்குப் பத்து வயது இளையவன். அம்மா போன பிறகு அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். கேட்டும் கிராதியும் செய்கிற பட்டறையில் வெல்டர். பட்டறையில் அவனுக்குப் பெயர் பொறி. அவன் சட்டைகளில் ஒன்றுகூடப் பொறி பட்டுத் துளை விழாமல் இருந்ததில்லை. கல்யாணம் ஆகவில்லை. பட்டறைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அக்கா வீட்டில் சாப்பாடு. ஓர் இடத்தில் அரை மணி நேரம் சும்மா உட்காரத் தெரியாதவன். வந்த வேகத்தில் எதையாவது பழுது பார்ப்பான். அந்த வீட்டில் ஆடாத நாற்காலி, கிறீச்சிடாத கதவு எல்லாம் அவன் கைவேலை.

ஒன்றாம் தேதி நடக்கிற தொடக்க விழாவுக்கு அமைச்சர் வருவதாக இருந்தது. மேடையில் முதல் அட்டையை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று மேலதிகாரி கேட்டார். "நல்ல உழைப்பாளியா இருக்கணும். பாக்க லட்சணமா இருக்கணும். மைக்கைக் குடுத்தா உளறக் கூடாது." மூணாம் நம்பர் யோசிக்கவே இல்லை. "என் மச்சினன் இருக்கான் சார்" என்றார். சொன்ன கணமே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டது. இத்தனை வருடம் இல்லை, இல்லை என்று சொன்ன ஜன்னலிலிருந்து முதல் ஆமாம் தன் வீட்டுப் பிள்ளைக்கே போகிறது. பேப்பரில் படம் வரும். அந்த அட்டையில் நடக்கிற முதல் வைத்தியம்வரை தன் ஜன்னல் வழியாகவே போனால் இன்னும் நன்றாக இருக்கும் என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது.

அடுத்த ஞாயிறு, சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கக் குழாயில் கை கழுவும்போது பொறி மெதுவாகச் சொன்னான்.

"மாமா, இந்த இடது கண்ணுல ஓரத்துல மின்னல் மாதிரி வெட்டுது. கொசு வேற பறக்குது. அடிக்கக் கையை ஓங்கினா கொசுவே இல்ல."

"வெல்டிங் வெளிச்சம் அடிச்சிருக்கும்."

"அது எனக்குத் தெரியாதா? அது கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். இதுல வலியே இல்ல. அதான் ஒரு மாதிரியா இருக்கு."

மூணாம் நம்பர் அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். சிவப்புகூட இல்லை. கண் டாக்டர் என்றால் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அங்கே வாசலை மிதித்தாலே பரிசோதனை மேல் பரிசோதனை எழுதுவார்கள். விழாவுக்கு இன்னும் மூன்று வாரம்தான்.

"கொஞ்சம் பொறுத்துக்க மாப்ள. அட்டை கைக்கு வந்ததும் பெரிய ஆஸ்பத்திரியிலேயே காட்டிடலாம். இப்பப் போய் எதுக்குக் கைக்காசைக் கொட்டுற?"

"சரி மாமா."

"அக்காகிட்ட சொல்லாத. சும்மாவே பதறுவா."

அதற்கும் அவன் சரி என்றான்.

அதற்குப் பிறகு ஒருநாள் வேலை நேரத்திலேயே பொறியின் போன் வந்தது. மூணாம் நம்பர் அப்போது விழா நடக்கிற மண்டபத்தில் நின்று, நாற்காலி இறக்குகிறவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, மின்னல் நின்னுடுச்சு. ஆனா ஓரத்துல நிழல் மாதிரி ஒண்ணு நிக்குது."

"மின்னல் நின்னுடுச்சுல்ல, அப்ப சரியாகுதுன்னுதானே அர்த்தம்?"

"அப்படியா?"

"விழா முடியட்டும். மறுநாளே நானே கூட்டிட்டுப் போறேன். இங்க ஒரே சத்தம், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். பிறகு பேசவில்லை. மறந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. ஞாபகம் வந்தபோதெல்லாம் இன்னும் சில நாள்தானே என்று ஒதுக்கி வைத்தார்.

விழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. பொறி புதுச் சட்டை போட்டிருந்தான். அக்கா முன்வரிசையில் இருந்தாள். மேடையின் ஓரத்தில், அட்டைகள் அடுக்கிய தட்டைப் பிடித்துக்கொண்டு மூணாம் நம்பர் நின்றார். அமைச்சர் பொறியின் இடது பக்கமாக வந்து நின்று, புகைப்படக்காரர்களைப் பார்த்துச் சிரித்தபடி அட்டையை நீட்டினார். பொறியும் புகைப்படக்காரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அட்டையை வாங்கவில்லை. அமைச்சர் இன்னும் கொஞ்சம் நீட்டினார். அவன் அப்படியே நின்றான்.

"தம்பி, இந்தப் பக்கம்" என்று யாரோ சொன்னார்கள். பொறி திடுக்கிட்டுத் திரும்பிக் கையை நீட்டினான். கை அட்டைக்கு முன்னாலேயே காற்றில் மூடிக்கொண்டது. மறுபடி நீட்டி, அமைச்சரின் மணிக்கட்டைத் தொட்டு, அங்கிருந்து தடவிப் போய் அட்டையைப் பிடித்தான்.

"பயப்படாதீங்க, உங்களுக்குத்தான்" என்று அமைச்சர் மைக்கில் சொன்னதும் மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூணாம் நம்பர் மட்டும் சிரிக்கவில்லை. தட்டை யார் கையில் கொடுத்தார் என்றே அவருக்குத் தெரியவில்லை. மேடைப் படியில் இறங்கி வந்தவனைத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போய் நிறுத்தினார்.

"வலது கண்ணைப் பொத்து. இப்ப என் முகம் தெரியுதா?"

பொறி கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"உங்க சட்டைக் கையோட ஓரம் தெரியுது மாமா. நடுவுல ஒண்ணும் இல்ல."

பாராட்டுப் பேச்சுகள் இன்னும் முடிந்திருக்கவில்லை. மூணாம் நம்பர் அவனையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

கண் டாக்டர் ஒரு பெண். சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரியும்வரை காத்திருக்கச் சொல்லி, பிறகு நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டார்.

"விழித்திரை கழண்டு வந்திருக்கு. நடுப்பகுதியும் போயிடுச்சு. மின்னல் வெட்டுற மாதிரி, பூச்சி பறக்கிற மாதிரி எப்பவாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு டாக்டர்."

"எப்பலேர்ந்து?"

பொறி நல்ல கண்ணை ஒரு கணம் மாமாவின் பக்கம் திருப்பினான். 

"நாலஞ்சு நாளா" என்றான் பொறி.

"நாலஞ்சு நாள்ல இவ்வளவு ஆகாது."

"நான் சரியா கவனிக்கலை டாக்டர். வேலை மும்முரம். யார்கிட்டயும் சொல்லலை."

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "மின்னல் வெட்டினப்பவே வந்திருந்தா சின்னக் கிழிசலாத்தான் இருந்திருக்கும். லேசர் வெச்சு ஒட்டிட்டு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இப்ப ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். பண்ணினாலும் பழைய பார்வை வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

அக்கா அங்கேயே தம்பியின் தோளில் ஓர் அடி வைத்தாள். "ஏன்டா சொல்லலை? வாய்ல என்ன கொழுக்கட்டையா? உனக்கு எல்லாத்துலயும் அலட்சியம்." பிறகு அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவன் பேசவில்லை. மூணாம் நம்பரும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டிய இடம் அதுதான். அந்த அறையில், அந்த நிமிடத்தில், நான்தான் பொறுக்கச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் நர்ஸ் வந்து அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஆபரேஷன். பணம் கட்டும் இடத்தில் அட்டையை நீட்டியபோது, அங்கிருந்த பெண் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"நேத்து மேடையில குடுத்த அட்டையா? ஒரே நாள்ல வேலை வந்துடுச்சே. அதுக்கு முன்னாடி வெளியில எங்கயாவது காட்டினீங்களா? அந்தச் செலவையும் சேர்த்து எழுதிக்கலாம் சார்."

"ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி காட்டினதுக்கா?"

"ஆமா சார். அவசரம்னா போன மாசத்து வைத்தியமும் இதுல அடங்கும். உங்க ஆபீஸ் பயிற்சியிலதானே எங்களையும் கூப்பிட்டு வெச்சுச் சொன்னாங்க?"

அந்தப் பயிற்சிக்கு அவர் போயிருந்தார். பாதியில் மேடை அலங்காரக்காரர் போன் செய்ததால் வெளியே எழுந்து வந்துவிட்டார். பக்கத்து இருக்கைக்காரரிடம் விட்டுப்போனது என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆக, பொறுத்திருக்கவே தேவை இருந்திருக்கவில்லை. முதல் ஞாயிறே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தாலும் அந்தச் செலவும் இதிலேயே தீர்ந்திருக்கும். அந்தப் பெண் அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது அதை வாங்க அவருக்குக் கை எழவில்லை. "சார்" என்று அவள் மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது.

கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் பொறி இரவும் பகலும் குப்புறக் கிடக்க வேண்டும் என்றார்கள். அக்கா அவனைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்தாள். கட்டிலின் தலைமாட்டில் முகத்துக்கு இடம் விட்டு இரண்டு தலையணைகளைப் பிரித்து வைத்தாள். அவன் தரையைப் பார்த்தபடி கிடந்தான். அரை மணி நேரம் சும்மா உட்காராதவன் நாள் முழுக்க அப்படிக் கிடந்ததைப் பார்க்க மூணாம் நம்பரால் முடியவில்லை. அலுவலகத்திலிருந்து வேண்டுமென்றே தாமதமாக வந்தார்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா ஒன்றையே சொன்னாள். "இவரு மட்டும் அந்த ஆபீஸ்ல இல்லேன்னா என் தம்பி கதி என்னாயிருக்கும்? ஒரு பைசா செலவில்லாம பெரிய ஆஸ்பத்திரியில பண்ணிக் குடுத்துட்டாங்க. இவன்தான் அறிவில்லாம சொல்லாம இருந்துட்டான்." வந்தவர்கள் மூணாம் நம்பரைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி தன் கணவனுக்கும் அட்டைக்குச் சொல்லி வைத்தாள். அலுவலகத்தில் விழாப் படத்தைப் பெரிதாக்கி வாசலில் ஒட்டியிருந்தார்கள். அதில் பொறி வெறும் காற்றைப் பிடிக்கக் கை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். மூணாம் நம்பர் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்துபோகப் பழகிக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் அக்கா கடைக்குப் போயிருந்தாள். மூணாம் நம்பர் கட்டிலுக்கு அருகில் தரையில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால்தான் பொறிக்கு அவர் முகம் தெரியும்.

"ஏன்டா பொய் சொன்ன?"

"எதை?"

"நாலஞ்சு நாள்னு."

பொறி தரையைப் பார்த்தபடியே சொன்னான். "அக்கா முன்னாடி உங்களை மாட்டிவிடச் சொல்றீங்களா மாமா? அவ தாங்க மாட்டா. விடுங்க. இப்ப பாருங்க, உங்க பழைய சட்டத்துலயே எனக்கு இடம் கிடைச்சிருக்கும். ஊனம் உண்டான்னு கேப்பீங்களே."

சிரிப்பதற்காகச் சொன்னானா, குத்துவதற்காகச் சொன்னானா என்று குப்புறக் கிடந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. மூணாம் நம்பர் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் முகம் கழுவினார்.

கட்டு பிரித்த பிறகு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தன. கையசைத்தால் தெரியும். எத்தனை விரல் என்று தெரியாது. டாக்டர் இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். பட்டறை முதலாளி நல்ல மனுஷன்தான். ஆனால் ஒற்றைக் கண்ணோடு வெல்டிங் கம்பியைக் கையில் கொடுக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. செய்து முடித்த கேட்டுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையைக் கொடுத்தார். பொறி இப்போது சட்டையில் துளை இல்லாமல், வண்ணத் தீற்றல்களோடு வந்தான். தண்ணீர் ஊற்றினால் தம்ளருக்கு வெளியே ஊற்றினான். அப்போதெல்லாம் அக்காவுக்குத் துக்கம் கோபமாகத்தான் வரும். "அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தக் கஷ்டம் உண்டாடா? உன் அலட்சியத்துக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்பாள். அவன் துணியை எடுத்து மேசையைத் துடைப்பான்.

அப்படி ஒரு ஞாயிறு, அவன் துடைத்துக்கொண்டிருந்தபோது, மூணாம் நம்பர் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டுச் சொன்னார்.

"அவனைத் திட்டாத. அவன் சொன்னான். விழாவுக்கு ரொம்ப முன்னாடியே என்கிட்ட சொன்னான். நான்தான் அட்டை வரட்டும், பொறுன்னேன். உன்கிட்ட சொல்லாதேன்னதும் நான்தான்."

பொறி துணியை மேசையிலேயே விட்டுவிட்டான். "மாமா" என்றான் எச்சரிக்கிற மாதிரி.

மூணாம் நம்பர் நிறுத்தவில்லை. இரண்டாவது தடவை போன் வந்ததைச் சொன்னார். பயிற்சியில் பாதியில் எழுந்து வந்ததைச் சொன்னார். பொறுத்திருக்கவே தேவையில்லை என்பதையும் சொன்னார். மேடையில் நம் வீட்டுப் பிள்ளை நிற்க வேண்டும் என்று தனக்கிருந்த ஆசையைக்கூட விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல மனம் லேசாகும் என்று நினைத்திருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகு அந்த நினைப்பும் போயிற்று.

அவள் கத்தவில்லை. தினமும் நூறு பிள்ளைகளுக்குக் கேட்கக் கத்துகிறவளுக்கு அன்று குரலே இல்லை.

"நான் இத்தனை நாளா இவனை எப்படியெல்லாம் பேசினேன்? நீங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

 அவள் எழுந்து தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொறி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மூணாம் நம்பர் பின்னாலேயே தெருமுனைவரை போனார். அங்கே அவன் திரும்பினான். தன் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை அவர் இவ்வளவு கோபத்தில் பார்த்ததில்லை.

"எதுக்கு மாமா சொன்னீங்க?"

"நீ திட்டு வாங்குறதை எவ்வளவு நாள்டா பாத்துட்டு இருக்கிறது?"

"திட்டு வாங்கினது நான். எனக்கு வலிக்கலை. அவ திட்டினா சோறு போடுறான்னு அர்த்தம். இப்ப அவளுக்கு நீங்களும் இல்லை, திட்டுறதுக்கு நானும் இல்லை. உங்க மனசுல இருந்ததைத் தூக்கி அவ மடியில போட்டுட்டீங்க. இனிமே அவ தூங்குவாளா?"

பதிலுக்குக் காத்திராமல் தெருவைக் கடந்தான். இடது பக்கமிருந்து வந்த சைக்கிளை அவன் பார்க்கவில்லை. சைக்கிள்காரன் வளைத்துக்கொண்டு திட்டிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு சுருங்கிப்போயிற்று. அக்கா சமைத்து வைத்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. அலுவலகத்தில் ஜன்னலுக்கு முன்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. முன்பு இடமில்லை என்று திருப்பி அனுப்பியவர்கள் இப்போது வந்தார்கள். மூணாம் நம்பர் எல்லாரிடமும் முதலில் உடம்புக்கு என்ன என்று கேட்க ஆரம்பித்தார். அது அவர் வேலையில் இல்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டே பேசிய ஒரு காவலாளியைப் பாதி விண்ணப்பத்தில் எழுப்பி, தானே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டார். அது வெறும் வாயுப்பிடிப்பு என்று தெரிந்தது. மேலதிகாரி கூப்பிட்டு, "நீங்க என்ன டாக்டரா? வரிசை கட்டடத்துக்கு வெளியில நிக்குது" என்றார். "சரி சார்" என்று வந்து மறுபடி அதையேதான் கேட்டார். அதில் அவருக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மறு பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு அன்று பேருந்து வேலை. "நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. பொறியும் அவரோடு வந்தான்.

டாக்டர் இந்த முறை வலது கண்ணை வெகுநேரம் பார்த்தார்.

"இதுலயும் ஓர் இடத்துல திரை நைஞ்சுபோயிருக்கு. சின்னக் கிழிசலும் இருக்கு. இன்னைக்கே லேசர் வெச்சுடலாம். கொஞ்ச நேரந்தான் ஆகும். வெளிச்சம் அடிச்ச கூச்சத்துல சிறிது நேரம் ஒண்ணும் தெரியாது, அப்புறம் சரியாகிடும்."

பொறி நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்தான். வெளியே வந்ததும் நேராக வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

"எங்க போற?"

"வேற நாள் வந்துக்கலாம் மாமா. பெயிண்ட் வேலை பாதியில நிக்குது."

மூணாம் நம்பர் அவன் முன்னால் போய் நின்றார். கையைப் பிடிக்கத் தோன்றியது, பிடிக்கவில்லை.

"உனக்கு யோசனை சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. நீ என் பேச்சைக் கேக்கவும் வேணாம். உள்ள இருக்கிற டாக்டர் பேச்சைக் கேளு."

பொறி சுவரோரமாகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். 

"சிறிது நேரம் ஒண்ணும் தெரியாதுன்னாங்களே. எனக்கு வேற கண்ணு எங்க இருக்கு மாமா? அது அப்படியே நின்னுடுச்சுன்னா?"

"நிக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றார் அவர். "ஆனா நான் உன் பக்கத்துலயே இருப்பேன். கண்ணு தெரியிற வரைக்கும்."

பொறி உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டான். பெயிண்ட் காய்ந்து நகக்கண்களில் ஒட்டியிருந்தது. தாழ்ந்த குரலில் சொன்னான்.

"ஒண்ணு சொல்லவா? அன்னைக்கு நீங்க பொறுன்னு சொன்னப்ப எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. டாக்டர்கிட்ட போனா என்ன சொல்லுவாங்களோன்னு பயம். நீங்க போன்னு சொல்லியிருந்தாலும் போயிருப்பேனான்னு தெரியல."

மூணாம் நம்பர் அவனையே பார்த்தார். உண்மையைச் சொல்கிறானா, டாக்டரிடம் சொன்னதுபோல இதையும் தனக்காகச் சொல்கிறானா? அதை அவர் கேட்கவில்லை. கேட்டாலும் அவன் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் அவர் நம்பப் போவதில்லை. போ என்று அவர் சொல்லவில்லை, அது மட்டும்தான் நிச்சயம்.

"வா" என்றார். பொறி எழுந்தான்.

லேசர் அறையில் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். மூணாம் நம்பரை ஓரத்தில் நிற்க அனுமதித்தார்கள். பச்சை ஒளி சடசடவென்று வெட்டியபோதெல்லாம் பொறியின் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. முடிந்து விளக்கைப் போட்டார்கள். அவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலியில் அசையாமல் இருந்தான்.

"லைட் போட்டாங்களா?"

"போட்டாச்சு."

அவன் கையை நீட்டினான். மூணாம் நம்பர் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். ஒரு நர்ஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.  தன் மேல் இவ்வளவு பாரத்தைச் சாய்த்து ஒருவன் உட்கார்ந்திருப்பதைத் தாங்கத் தனக்குத் தகுதியில்லை என்று மூணாம் நம்பருக்குத் தோன்றியது. அதைச் சொன்னால் அதுவும் அவன் மடியில் போடுவதாகிவிடும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எதிர்ல பச்சைச் சுவரா?" என்று பொறி கேட்டான்.

"நீலம்."

இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று.

"இப்ப நீலமாத்தான் இருக்கு" என்றான். அதற்குப் பிறகும் கையை உடனே எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்துவிட்டு, கிழிசல் நன்றாக ஒட்டிக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் அது பிறகு. அன்று ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது பொறி படிகளைக் காலால் தடவித் தடவி வைத்தான். மூணாம் நம்பரின் தோளைப் பிடித்திருந்தான்.

"மன்னிச்சிட்டேன்னு என்கிட்டேர்ந்து ஒரு வார்த்தை எதிர்பாக்காதீங்க மாமா."

"எதிர்பாக்கலை."

"வரும்போது வரும். வராமலும் போகலாம்."

"சரிடா."

"அக்கா கேட்டா நான் பயந்தேன்னு சொல்லாதீங்க."

மூணாம் நம்பர் நின்றார். "இனிமே அவகிட்ட எதையும் மறைக்கச் சொல்லாத."

பொறி யோசித்தான். பிறகு தோளை ஒரு தள்ளு தள்ளினான். "சரி, சொல்லிக்குங்க. இப்ப நடங்க, பஸ் கிளம்புது."